அப்ரண்டிஸ் பயிற்சியைக் கல்லூரியும் கம்பெனியும் சேர்ந்து வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கல்லூரிகள் அதில்தான் ஆரம்பிக்கின்றன. முதல்வரும் கம்பெனி மேலாளரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு கோப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு, அதோடு சரி. ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் உற்பத்திப் பிரிவில் போய் "உங்களுக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருக்கிறதே" என்று சொன்னால், "அப்படியா?" என்பார்கள். எனக்கே இது நடந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் வேறு வேலைக்குப் போயிருந்தார், அவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

இது இரண்டு பேருக்காக எழுதியது: கல்லூரியில் இருந்துகொண்டு பயிற்சியை ஒருங்கிணைப்பவர், கம்பெனியில் புதியவர்களை எடுத்துப் பழக்குபவர். என் அனுபவத்தில் இந்தக் கூட்டு நிலைப்பது பெரிய அதிகாரிகள் கையில் இல்லை. வேலையிடத்தில் மாணவன் பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர், வாரம் ஒருமுறை அவருக்கு போன் போடுகிற ஆசிரியர், இந்த இரண்டு பேர் கையில் இருக்கிறது. கீழே வருகிற படிகள் எல்லாம் அவர்கள் வேலையைச் சுலபமாக்கத்தான்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். ஒரு நாள் போய்த் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பதையும், விடுமுறையில் நாலு வாரம் போய்ச் சான்றிதழ் வாங்கி வருவதையும்கூடச் சிலர் 'தொழில் பயிற்சி' கணக்கில் சேர்க்கிறார்கள். அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், என்பது வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் ஏற்றுக்கொண்ட 208-வது பரிந்துரை இதை நன்றாகவே வரையறுத்திருக்கிறது: ஒப்பந்தம் இருக்க வேண்டும், சம்பளமோ உதவித்தொகையோ இருக்க வேண்டும், வேலையிடத்திலும் வெளியிலும் திட்டமிட்ட கற்றல் நடக்க வேண்டும், முடிவில் அங்கீகாரம் பெற்ற தகுதி கிடைக்க வேண்டும். இதில் கற்றலை மட்டும் உருவிவிட்டால் மிஞ்சுவது குறைந்த கூலிக்கு ஒரு ஆள். பல இடங்களில் நடப்பதும் அதுதான், அதனால்தான் அப்ரண்டிஸ் என்ற பேச்சை எடுத்தாலே சில பெற்றோர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

படி 1: இடம் கேட்காதீர்கள், தலைவலியைக் கேளுங்கள்

கல்லூரியில் இருந்து போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எங்கள் பிள்ளைகள் எத்தனை பேரை எடுத்துக்கொள்வீர்கள்?" என்பதுதான். அந்த நிமிடமே எதிரில் இருப்பவர் நம்மை நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வந்தவரைப் போலப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மரியாதையாக அனுப்பி வைப்பார். அந்த இரண்டு பேரும் அங்கே போய் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதற்குப் பதில் நான் கேட்பது இவை. எந்த வேலைக்கு ஆள் தேட உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது? புதிதாகச் சேர்ந்தவரைத் தனியாக விட எவ்வளவு நாள் பிடிக்கிறது? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர்களில் யாருடைய வேலையை வேறு யாருக்கும் செய்யத் தெரியாது? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலும் ஒரு அமைதி வரும். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே என்ன பழுது என்று சொல்லிவிடுகிற ஒருவர், எந்த வாடிக்கையாளருக்கு எந்த அளவு பிடிக்கும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிற ஒருவர், எல்லாக் கம்பெனியிலும் இருப்பார். அவருடைய பெயரைச் சொல்லும்போதுதான் பேச்சு நிஜமாகத் தொடங்குகிறது.

இந்தக் கேள்விகளை மனிதவளப் பிரிவில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அவர்களிடம் எண்ணிக்கை இருக்கும், வலி இருக்காது. உற்பத்திப் பொறுப்பாளரோ, மருத்துவமனை என்றால் ஆய்வகத் தலைமை டெக்னீஷியனோ, யார் அன்றாடம் ஆள் பற்றாக்குறையில் மாட்டுகிறாரோ அவரிடம் கேட்க வேண்டும்.

கம்பெனிப் பக்கம் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. உள்ளூர் கல்லூரியில் இருந்து வருபவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை என்று புலம்புவதற்கு முன், உங்கள் வேலைக்கு என்ன தெரிய வேண்டும் என்று எப்போதாவது எழுத்தில் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலை விளம்பரத்தில் 'குழுவாகப் பணியாற்றும் திறன்' என்று போட்டது கணக்கில் வராது.

படி 2: ஒரே ஒரு வேலையை எடுத்துப் பிரித்துப் போடுங்கள்

பத்துத் துறைக்கும் சேர்த்துத் திட்டம் போட்டால் பத்தும் காகிதத்தில் நிற்கும். ஒரு வேலையை எடுங்கள். அதைப் பிரிப்பதற்கு டேக்கம் என்றொரு முறை இருக்கிறது. 1960-களில் கனடாவில் உருவானது, பிற்பாடு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் அடிப்படை நம்பிக்கை ரொம்ப எளிமையானது: ஒரு வேலையை யார் தினமும் நன்றாகச் செய்கிறாரோ, அவரைவிட அதை விவரிக்கத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

செய்முறை இப்படி. அந்த வேலையில் தேர்ந்த 5 முதல் 12 பேரை ஒரு அறையில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். நடத்துபவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். முதலில் பெரிய பொறுப்புகள், பிறகு ஒவ்வொரு பொறுப்புக்குள்ளும் வருகிற சின்னச் சின்ன வேலைகள், ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஆசிரியர்களும் மேலாளர்களும் வந்து உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மேலாளர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அதற்கப்புறம் தொழிலாளிகள் அவர் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள்.

அட்டையில் எழுதுவது செயலாக இருக்க வேண்டும். பராமரிப்பு டெக்னீஷியன் வேலை என்றால், 'மோட்டார் பற்றிய அறிவு' என்று எழுதினால் அது பாடத்தலைப்பு. 'மோட்டாரின் பேரிங்கைக் கழற்றி மாற்றுவது', 'கன்வேயர் பெல்ட்டின் இழுவையைச் சரிசெய்வது' என்று எழுதினால்தான் வேலை. இப்படி எழுதிக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் யாராவது 'ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி பழுது விவரத்தை எழுதி ஒப்படைப்பது' என்று சொல்வார், மற்ற எல்லோரும் தலையாட்டுவார்கள், அறையில் இருக்கிற ஆசிரியர் மட்டும் முழிப்பார், ஏனென்றால் அது எந்த செமஸ்டர் பாடத்திலும் இல்லை.

அட்டைகள் முடிந்ததும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: கல்லூரி லேபில் கற்க வேண்டியது, வேலையிடத்தில் மட்டுமே கற்க முடிவது, இரண்டு இடத்திலும் தொட வேண்டியது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை எல்லாம் முதல் பத்திக்குத் தள்ளிவிடுங்கள். ஒரு இயந்திரத்தில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அதில் தன் பெயர் அட்டையைத் தொங்கவிட வேண்டும் என்பதை முதல் நாளுக்கு முன்பே கை பழக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதை உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கிற லைனில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு இழுபறி வரும். கம்பெனி தன்னுடைய இயந்திரத்தை மட்டும் சொல்லிக்கொடு என்னும், கல்லூரி அடிப்படைக் கோட்பாடு முழுவதும் வேண்டும் என்னும். நான் வைக்கிற அளவுகோல்: இதைக் கற்ற பிள்ளையை அதே தொழிலில் இருக்கிற இன்னொரு கம்பெனி வேலைக்கு எடுக்குமா? எடுக்காது என்றால் பாடம் ரொம்பக் குறுகிவிட்டது.

படி 3: நாள்காட்டியை இருவரும் சேர்ந்து வளைக்க வேண்டும்

பாதிக் கூட்டுகள் உடைவது இங்கேதான், அதுவும் சண்டை எதுவும் இல்லாமலே. கல்லூரிக்கு செமஸ்டர், கம்பெனிக்கு மாதக் கடைசி ஆர்டர். இரண்டும் ஒரே வாரத்தில் மோதும்போது பிள்ளை நடுவில் நிற்பான்.

உலகத்தில் ஏற்கெனவே ஓடுகிற சில அமைப்புகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 1906-ல் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கிய திட்டத்தில், ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் பட்டறை. இரண்டு மாணவர்களை ஜோடியாக்கி, ஒருவன் படிக்கும் வாரத்தில் மற்றவன் வேலையில் இருப்பான், அதனால் கம்பெனியில் அந்த இடம் ஒருநாளும் காலியாக இருக்காது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த ஜோடி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது கம்பெனியின் பெரிய பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனி, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. அது போக, பல கம்பெனிகளுக்குப் பொதுவான பயிற்சி மையத்தில் தனி வகுப்புகளும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் டொயோட்டாவும் அங்குள்ள சமூகக் கல்லூரியும் 2010-ல் தொடங்கியது வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் வேலை என்ற கணக்கு. இன்னும் சில இடங்களில் ஆறு, எட்டு வாரங்கள் தொடர்ந்து வகுப்பு, அப்புறம் அதே அளவு தொடர்ந்து வேலை.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தத் தொழிலில் ஒரு வேலை தொடங்கி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது? ஆய்வக மாதிரிச் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பு ஒத்துவரும். ஒரு பெரிய பழுது பார்ப்பு மூன்று நாள் ஓடும். செவ்வாய்க்கிழமை கழற்றும்போது இருந்தவன் வியாழக்கிழமை வகுப்புக்குப் போய்விட்டால், பூட்டி ஓட்டிப் பார்ப்பதை அவன் எப்போதும் பார்க்கவே மாட்டான். அந்த மாதிரி இடத்துக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து இருப்பதுதான் சரி.

மணி நேரத்தையும் எழுதிவையுங்கள். அமெரிக்காவின் பதிவு பெற்ற அப்ரண்டிஸ் முறையில் நேரக் கணக்கில் நடத்தப்படும் திட்டம் என்றால் வேலையிடப் பயிற்சி குறைந்தது 2,000 மணி நேரம், அத்துடன் வருடத்துக்கு 144 மணி நேர வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 2022-ல் இருந்து முழுநேர அப்ரண்டிஸுக்கு வாரம் சராசரியாக ஆறு மணி நேரமாவது வேலைக்கு வெளியே கற்றலுக்கு ஒதுக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். எண் எதுவாகவும் இருக்கட்டும், எழுதப்படாத வகுப்பு நேரத்தை ஆர்டர் நெருக்கடி தின்றுவிடும்.

கல்லூரிப் பக்கம் முன்கூட்டியே தீர்க்க வேண்டியவை: வேலையிடத்தில் இருக்கும் நாள் வருகைப் பதிவில் எப்படி ஏறும், அதற்கு மதிப்பெண் உண்டா, போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆசிரியருக்கு அது பணிச்சுமைக் கணக்கில் சேருமா. கடைசி ஒன்றை விட்டுவிட்டால், ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் இரண்டு வருடம் தன் சொந்த நேரத்தில் ஓடிவிட்டு மூன்றாம் வருடம் ஓய்ந்துவிடுவார்.

படி 4: பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

கம்பெனிக்கு இதில் என்ன செலவு என்று கேட்டால் எல்லோரும் உதவித்தொகையை மட்டும் சொல்வார்கள். பெரிய செலவு அதில்லை. சொல்லிக்கொடுப்பவர் தன் வேலையை விட்டுவிட்டு நிற்கிற நேரம், பழகும்போது வீணாகிற பொருள், மெதுவாக ஓடுகிற இயந்திரம், இவைதான். வரவு எப்போது வருகிறது? பிள்ளை தனியாக வேலை பார்க்க ஆரம்பித்ததும். ஆக, முதல் பகுதியில் செலவு, பின்பகுதியில் வரவு. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொள்கிற கம்பெனி கணக்குப் போடவில்லை, அல்லது சொல்லிக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

சுவிட்சர்லாந்தையும் ஜெர்மனியையும் ஒப்பிட்டுப் பொருளாதார ஆய்வாளர்கள் பல முறை கணக்குப் போட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சராசரி நிறுவனத்துக்குப் பயிற்சிக் காலம் முடிவதற்குள்ளேயே செலவைவிட வரவு கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. ஜெர்மனியில் சராசரி நிறுவனம் பயிற்சிக் காலத்தில் நட்டத்தில்தான் இருக்கிறது, பயிற்சி முடித்தவரை வேலைக்கு வைத்துக்கொள்வதன் மூலம், வெளியில் ஆள் தேடும் செலவை மிச்சப்படுத்துவதன் மூலம் அதை ஈடுகட்டுகிறது. இதை நான் கம்பெனிகளிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைக்கு நிஜமான வேலையைக் கொடுக்கிற கம்பெனிக்குத்தான் போட்ட பணம் திரும்புகிறது. கடைசி வரை டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் வைத்திருந்தால் கற்றலும் இல்லை, வரவும் இல்லை.

"பழக்கிவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவானே?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது இதற்குப் பதில் இல்லை. பிடிக்காத இடத்தில் கட்டிப்போடப்பட்டவன் வேலையும் கெட்டு, அடுத்த வருடம் சேரப்போகிற பிள்ளைகளையும் எச்சரித்துவிடுவான். இரண்டு வழி உண்டு: படிப்படியாக உயரும் உதவித்தொகை, முடித்ததும் என்ன பதவி, என்ன சம்பளம் என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்வது. மூன்றாவதாக, பக்கத்துக் கம்பெனியையும் பயிற்சி கொடுக்க வைப்பது. அது கடைசிப் படியில் வருகிறது.

அரசு உதவி கிடைக்கிற இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இங்கிலாந்தில் 2017 ஏப்ரலில் ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 0.5 சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தை அப்ரண்டிஸ் பயிற்சிக்கே செலவழிக்கலாம் என்று விட்டார்கள். அடுத்த வருடமே புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 4,95,000-லிருந்து 3,76,000 அளவுக்கு இறங்கியது. பல நிறுவனங்கள் அந்தப் பணத்தைப் புதிய இளைஞர்களுக்குச் செலவழிக்காமல் ஏற்கெனவே இருக்கிற ஊழியர்களின் மேலாண்மைப் படிப்புக்குத் திருப்பிவிட்டன என்ற விமர்சனமும் வந்தது.

படி 5: வேலையிடத்தில் சொல்லிக்கொடுப்பவர்

மற்ற எல்லாப் படியையும் அரைகுறையாகச் செய்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பது. மிகத் திறமையான தொழிலாளியைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அவருக்கு வேலை கையில் ஊறிப்போயிருக்கும், எப்படிச் செய்கிறேன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது, "பார்த்துக்கோ, அவ்வளவுதான்" என்பார். அவரைவிடக் கொஞ்சம் கீழே, நாலைந்து வருடம் முன்பு தான் தடுமாறியது இன்னும் ஞாபகம் இருக்கிற ஒருவர் பெரும்பாலும் நல்ல ஆசான். கோபம் வந்தால் கத்துகிறவராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து, அவருக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் அப்ரண்டிஸைப் பழக்கும் பொறுப்பை ஏற்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, கற்பிக்கும் தகுதியையும் காட்ட வேண்டும், அதற்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஒரு பத்து மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, தேர்ந்த தொழிலாளிகள் எல்லாம் போருக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலையே பார்த்திராதவர்களைப் பழக்க வேண்டிய கட்டாயத்தில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட முறை அது. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது.

நான்கே கட்டம். முதலில் ஆளைத் தயார் செய்வது: பதற்றத்தைக் குறைத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, சரியான இடத்தில் நிற்க வைப்பது. எதிரில் நிற்க வைத்தால் இடது வலது மாறித் தெரியும், பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும். இரண்டாவது, செய்துகாட்டுவது: ஒரு முறை படிகளை மட்டும் சொல்லி, மறுமுறை ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, இன்னொரு முறை ஏன் என்ற காரணத்தோடு. மூன்றாவது, அவரைச் செய்ய விடுவது. முதலில் பேசாமல் செய்யட்டும், அப்புறம் தானே விளக்கிக்கொண்டே செய்யட்டும். நான்காவது, தனியே விட்டுவிட்டு, யாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும் என்று பெயரோடு சொல்லி, அடிக்கடி வந்து பார்த்து, பிறகு மெல்ல விலகுவது. அந்த முறையின் சட்டைப்பை அட்டையில், தொழிலாளி கற்கவில்லை என்றால் ஆசான் கற்பிக்கவில்லை என்று பொருள்படும் ஒரு வரி உண்டு. அதை முதல் தடவை கேட்கிற சூப்பர்வைசர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும், வரட்டும்.

மூன்றாவது விஷயம் இலக்கு. ஒரு தொழிற்சாலையில் எங்கள் பிள்ளைகள் இரண்டு மாதமாக அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரிடம் நான் சண்டைக்குப் போனேன். அவர் தன் போர்டைக் காட்டினார். பிள்ளைகள் வருவதற்கு முன் இருந்த அதே தினசரி எண்ணிக்கை, ஒன்றுகூடக் குறையவில்லை, சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே? தப்பு அவர்மேல் இல்லை. அதற்கப்புறம் எங்கே போனாலும், சொல்லிக்கொடுப்பவருக்கு எவ்வளவு இலக்கு குறைக்கப்படும், கூடுதலாக என்ன தொகை கிடைக்கும், பதவி உயர்வில் இது கணக்கில் வருமா என்று கேட்காமல் நான் எழுந்து வருவதில்லை.

படி 6: ஆசிரியரும் வேலையிடத்துக்குப் போக வேண்டும்

வருடத்தில் இரண்டு வாரமாவது, பார்வையாளராக இல்லாமல், ஷிப்டில் நின்று. அவர் பாடத்தில் இருக்கிற இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருப்பதை வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது. பதிலுக்குக் கம்பெனியின் தொழிலாளி ஒருவர் மாதம் ஒரு முறை கல்லூரி லேபில் வந்து ஒரு வகுப்பு எடுக்கட்டும். அவர் மேடையில் நின்று உரை நிகழ்த்த வேண்டாம், கழற்றிப் போட்ட பம்ப்பைச் சுற்றி எட்டுப் பேரோடு நின்றால் போதும்.

படி 7: இப்போது ஒப்பந்தம் எழுதலாம்

இந்த இடத்துக்கு வந்தபிறகு எழுதினால் அது தானே எழுதிக்கொள்ளும், ஏனென்றால் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்துவிட்டது. கல்லூரிக்கும் கம்பெனிக்கும் இடையில் ஒன்று, கம்பெனிக்கும் மாணவருக்கும் இடையில் ஒன்று. விட்டுப்போகக் கூடாதவை: மொத்தக் காலம், தினசரி நேரம், எந்த ஷிப்ட், உதவித்தொகை எப்போது எவ்வளவு உயரும், விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, பாதுகாப்புக் காலணி முதலியவற்றை யார் வாங்கித்தருவது, ஒரு தேர்ந்த தொழிலாளியிடம் எத்தனை அப்ரண்டிஸ், படி 2-ல் போட்ட அட்டைப் பட்டியல் இணைப்பாக, குறை இருந்தால் யாரிடம் சொல்வது.

குறை கேட்பவர் அந்த சூப்பர்வைசராகவே இருந்தால் பிரயோஜனமில்லை. கல்லூரியில் ஒருவர், கம்பெனியில் வேறு பிரிவில் ஒருவர் என்று இரண்டு பெயர் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கழிப்பறை, உடை மாற்றும் இடம், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வழி ஆகியவற்றைச் சேர்வதற்கு முன் ஆசிரியரே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

சோதனைக் காலம் ஒன்றும் வேண்டும். ஜெர்மனியின் தொழிற்கல்விச் சட்டப்படி அது குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் நான்கு மாதம், அதற்குள் இரு தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம். இது மாணவருக்கும் நல்லது. பிடிக்காத வேலையில் இரண்டு வருடம் இழுபடுவதைவிட ஒன்றரை மாதத்தில் திரும்பிவருவது எவ்வளவோ மேல்.

நாட்டுச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில இடங்களில் அப்ரண்டிஸ் எடுப்பது கம்பெனியின் விருப்பம் இல்லை, கடமை. உதாரணமாக இந்தியாவின் 1961-ம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். சட்டத்துக்காக எடுக்கிற கம்பெனியிடம், எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள், உருப்படியாக எடுங்கள் என்று பேசுவது எளிது.

படி 8: பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும் முதல் ஆறு வாரமும்

மதிப்பெண்ணை வைத்து மட்டும் அனுப்பாதீர்கள். விருப்பமுள்ளவர்களை ஒரு முழு நாள் அங்கே விட்டுப் பார்க்கட்டும். இரைச்சல், வெக்கை, நின்றுகொண்டே இருப்பது, அல்லது அலுவலக வேலை என்றால் எட்டு மணி நேரம் திரையையே பார்ப்பது, எதையும் மறைக்க வேண்டாம். பெற்றோரையும் ஒருநாள் அழைத்துப் போங்கள், படித்த பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்புகிறார்கள் என்ற எண்ணம் அங்கே போய்ப் பார்த்தால்தான் கொஞ்சம் மாறும்.

நான் பார்த்தவரை விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்தில்தான் போகிறார்கள். காரணம் வேலை கஷ்டம் என்பதைவிட, சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்று தெரியாதது, கேட்டால் திட்டுவார்களோ என்ற பயம், இந்த மாதிரி சின்ன விஷயங்கள். ஆகவே முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை ஆசிரியர் பேச வேண்டும். பிள்ளையிடம் ஐந்து நிமிடம், சூப்பர்வைசரிடம் ஐந்து நிமிடம்.

அதோடு ஒரு நோட்டு. ஜெர்மன் முறையில் ஒவ்வொரு அப்ரண்டிஸும் என்ன செய்தேன், என்ன கற்றேன் என்று பயிற்சிப் பதிவேடு எழுத வேண்டும், பழக்குபவர் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் இறுதித் தேர்வு எழுதவே முடியாது. நம் பக்கமும் இதைச் செய்யலாம், பக்கம் பக்கமாக வேண்டாம், வாரத்துக்கு அரைப் பக்கம். மூன்று வாரம் தொடர்ந்து 'பேக்கிங் உதவி' என்றே எழுதியிருந்தால், ஆசிரியர் கிளம்பிப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

படி 9: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்

புதியவர்களுக்காகப் போட்ட அந்த அட்டைப் பட்டியலே பழையவர்களுக்கும் உதவும். பத்து வருடமாக வேலை பார்த்தும் கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாதவர்கள் நிறையப் பேர். பட்டியலில் எது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியுமோ அதைச் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிட்டு, விடுபட்டதற்கு மட்டும் கல்லூரி வகுப்பு எடுக்கட்டும். தெரிந்ததையே மறுபடி உட்கார்ந்து கேட்கச் சொல்வதைப் போல அவமானம் வேறில்லை.

ஷிப்ட் முடிந்தபிறகு மாலையில் வகுப்பு வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்துவிட்டேன். முதல் நாள் இருபது பேர், மூன்றாம் வாரம் நாலு பேர், அதில் ஒருவர் தூக்கத்தில். சம்பளம் ஓடுகிற நேரத்திலேயே, வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வைக்க வேண்டும்.

படி 10: மதிப்பிடுவது

கல்லூரி மட்டும் மதிப்பிட்டால் கம்பெனி நம்பாது, கம்பெனி மட்டும் மதிப்பிட்டால் வேறு கம்பெனி நம்பாது. ஜெர்மனியில் தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சம எண்ணிக்கையில், கூடவே தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறிய அளவில் இதையே நாமும் செய்யலாம்: ஒரு ஆசிரியர், அந்தக் கம்பெனியின் தொழிலாளி ஒருவர், அதே தொழிலில் வேறு கம்பெனியில் இருந்து ஒருவர். வெளியில் இருந்து வருகிறவர் திறமையான பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தன் கம்பெனிக்கும் இப்படி வேண்டும் என்று கேட்பது கூடுதல் லாபம்.

படி 11: எட்டுப் பேரில் இருந்து எண்பது பேருக்கு

முதல் குழு முடிந்து, எண்களைப் பார்த்தபிறகுதான் பெரிதாக்க வேண்டும். சேர்ந்தவர்கள் எத்தனை என்பது விளம்பரத்துக்கான எண். நான் பார்ப்பது நாலு: முடித்தவர்கள், ஒரு வருடம் கழித்தும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள், அவர்களின் சம்பளம் நேரடியாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் எங்கே இருக்கிறது, அந்தக் கம்பெனி நாம் கேட்காமலே அடுத்த குழுவைக் கேட்டதா. நாலாவது ஒன்று சரியாக இருந்தால் மற்ற மூன்றும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சின்னக் கம்பெனிகளை விட்டுவிடாதீர்கள், பல ஊர்களில் வேலை இருப்பதே அங்கேதான். பத்துப் பேர் இருக்கிற பட்டறையால் முழுப் பயிற்சியையும் தர முடியாது, ஒரு பகுதியைத்தான் தர முடியும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே குழுப் பயிற்சி அமைப்புகள் இருக்கின்றன. அப்ரண்டிஸை வேலைக்கு எடுப்பது அந்த அமைப்பு, சம்பளக் கணக்கும் காகித வேலையும் அதன் தலையில், பிள்ளை மட்டும் ஒரு பட்டறையில் இருந்து இன்னொரு பட்டறைக்கு மாறிமாறிப் போவான். ஜெர்மனியிலும் கம்பெனிகள் சேர்ந்து பயிற்சிக் கூட்டணி அமைத்து, ஒன்றிடம் இல்லாத இயந்திரத்தை இன்னொன்றிடம் போய்க் கற்க வைக்கின்றன. ஒரு கல்லூரி நடுவில் உட்கார்ந்து நான்கைந்து பட்டறைகளுக்கு இதைச் செய்து கொடுக்க முடியும். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற பிரச்சினையும் இதில்தான் அடங்கும், ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து பழக்கிய ஆட்களில் இருந்துதான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

ஆலோசனைக் குழு என்று ஒன்று கட்டாயம் அமைப்பார்கள். வருடத்தில் ஒரு முறை மதிய உணவோடு கூடிக் கலைகிற குழுவாக அது ஆகிவிடாமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனியின் வேலையிடத்திலேயே கூட்டத்தை வையுங்கள். அட்டைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, எந்த வேலை வழக்கொழிந்தது, எது புதிதாக வந்தது என்று மாற்றுவது மட்டுமே நிகழ்ச்சி நிரல்.

இரண்டாம் குழு வரும்போது, முதல் குழுவில் முடித்து அங்கேயே வேலையில் இருக்கிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரைப் பழக்குபவருக்கு உதவியாகப் போடச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். படி 5-ல் சொன்ன பத்து மணி நேரப் பயிற்சியை அவர்களுக்கும் கொடுத்துவிட்டால் போதும். சாப்பாட்டு நேரத்தில் எந்த மேசையில் உட்காரலாம், எந்த சூப்பர்வைசரிடம் எப்போது சந்தேகம் கேட்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.